கழிவும் கடனும்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவர் ஆற்றியே தீரவேண்டிய கடமையும் கடன். காலைக்கடன், பெற்றோர்க்குச் செய்யும் கடன் முதலிய வழக்குகளில் இரண்டாம் பொருள் இன்றும் வாழ்கிறது. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய முன்னோர் ஆழ்ந்ததோர் உண்மையை உணர்ந்திருந்தனர் போலும். கடமையை ஆற்றாதவன் யாருக்கோ கடன்பட்டவனாகிறான். அவன் கொடாமல் விட்டதை வேறு யாரோ கொடுக்க நேர்கிறது.

இவ்வுண்மையை விளக்க உயர்ந்த எடுத்துக்காட்டுகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. வீட்டு வாயிலில் நிற்கும் குப்பைத் தொட்டியே போதும். ஒருவர் தம் வீட்டுக் கழிவை இரவோடு இரவாக ஊருக்கு ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் கொட்டிவிட்டுத் திரும்புகிறார். அடித்தவரும் இல்லை; அடிபட்டவரும் இல்லை. களவு போன பொருளும் இல்லை. அவ்வாறாயின் அவர் செய்தது குற்றமா? குற்றமெனின், அது யாருக்கு எதிரான குற்றம்? அதில் அவர் ஒருவருக்கே பங்கு உண்டா, பிறர்க்கும் உண்டா? இவ்வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். எனினும், அறத்தின் பெரிய வினாக்கள் பல இச்சிறு மூட்டையினுள் கட்டுண்டு கிடக்கின்றன.

குப்பை செல்லும் வழி

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் குப்பை பெருஞ்சிக்கலாக இருந்ததில்லை. காய்கறித் தோலும் மீந்த சோறும் கோழிக்கும் ஆட்டுக்கும் போயின. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் வாழைக்கு உரமாகவும் பயன்பட்டது. பால் டின்கள் அரிசி அளக்கும் குவளைகளாயின. எஞ்சியவை குழியில் இடப்பட்டன, அல்லது எரிக்கப்பட்டன. வீட்டின் பின்புறம் எறிந்தது சில மழைக்குள் மண்ணாயிற்று. எறிதல் அங்கே குற்றமாகத் தோன்றவில்லை. எறிந்ததை மண் ஏற்றுக்கொண்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்தும் மறைந்த பின்னர், அக்குடும்பங்கள் நகர்ப்புறத் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறின. வாழ்க்கை மாறியது, அதனோடு கழிவின் இயல்பும் மாறியது. பிளாஸ்டிக் பையும் மின்கலமும் பழுதான தொலைக்காட்சியும் கிழிந்த மெத்தையும் மண் செரிக்கக்கூடியவை அல்ல. செரிக்கக்கூடிய உணவுங்கூட இன்று கோழிக்குப் போவதில்லை. பைக்குள் முடிச்சிடப்பட்டுக் காற்றின்றி அழுகுகிறது. 2012 ஆம் ஆண்டில் மலேசியாவில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின்படி, நாட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 டன் திடக்கழிவு சேர்ந்தது. வீட்டுக் கழிவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு உணவுக் கழிவாகவே இருந்தது. எறியப்படும் பொருள் மாறியது. எறியும் கை மாறவில்லை. சிக்கல் பிறந்த இடம் இதுவே.

கோலாலம்பூரில் வாயிலில் வைக்கப்படும் ஒரு பை எங்கே செல்கிறது? குப்பை லோரி திரட்டும் கழிவு தாமான் பெரிங்கினில் உள்ள மாற்று நிலையத்தை அடைகிறது. அங்கே அழுத்திச் சுருக்கப்பட்டுப் பெரிய வண்டிகளில் ஏற்றப்படுகிறது. பின்னர், வடக்கே உலு சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள புக்கிட் தாகார் நிலநிரப்புத் தளத்துக்குக் கொண்டு செல்லப்படுகிறது. முறையான நிலநிரப்புத் தளம் வெறும் பள்ளமன்று. அடியில் நீர் புகாத விரிப்பு வேண்டும். குப்பையிலிருந்து வடியும் கரிய கசிவுநீரைத் திரட்டித் தூய்மைப்படுத்தும் குளங்கள் வேண்டும். அழுகலில் எழும் மீத்தேன் வாயுவைப் பிடிக்கும் குழாய்கள் வேண்டும். தளம் நிரம்பி மூடப்பட்ட பின்னரும் பல்லாண்டுகள் அதனைக் கண்காணிக்க வேண்டும்.

நிலம் குறைந்த சிங்கப்பூரில் வழி வேறு. அங்கே 1979 ஆம் ஆண்டில் உலு பாண்டானில் முதல் எரியாலை இயங்கத் தொடங்கியது. எரிக்கப்படும் குப்பையின் கன அளவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆயினும், அச்சாம்பலுக்கும் ஓர் இடம் வேண்டுமன்றோ? லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு 1999 ஆம் ஆண்டில் மூடப்பட்டதும், செமாக்காவ் தீவையொட்டிய கடற்பரப்பு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளமுள்ள அணையால் வளைக்கப்பட்டு, அங்கே சாம்பல் கொட்டப்படலாயிற்று. அதுவும் 2035 ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரு நாடு தன் குப்பைக்காகக் கடலிடம் இடம் கேட்டு நிற்கிறது.

ஆகவே, ‘எறிந்தாயிற்று’ என்று ஒருவர் சொல்லும்போது உண்மையில் எதுவும் முடிந்துவிடுவதில்லை. பொருள் ஒருவர் கண்ணிலிருந்து மறைந்து இன்னொருவர் கைக்குச் செல்கிறது. அக்கைக்குக் கூலி உண்டு. வண்டிக்கு எண்ணெய் உண்டு. தளத்துக்கு விலை உண்டு.

மறைந்து நிற்கும் விலை

சிங்கப்பூரில் குப்பை அகற்றும் கட்டணம் மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றின் மாதக் கட்டணச் சீட்டில் தனி வரியாக இடம்பெறுகிறது. மலேசியாவில் நிலை வேறு. 2007 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2011 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தின்வழிக் கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் அப்பொறுப்பைக் கூட்டரசு ஏற்றது. சிலாங்கூர், பினாங்கு முதலிய மாநிலங்களில் ஊராட்சி மன்றங்களே அதனைக் கவனிக்கின்றன. எவ்வாறாயினும், வீட்டுக்காரர் கைக்குக் குப்பைக்கென்று தனிச் சீட்டு வருவதில்லை. ஆண்டுக்கு இருமுறை செலுத்தும் மதிப்பீட்டு வரிக்குள்ளும் பொதுக் கருவூலத்துக்குள்ளும் அச்செலவு மறைந்து நிற்கிறது. விலை தெரியாத பணியை மதிப்பது அரிது. ஆகையால், குப்பை அள்ளுவது காற்றும் வெயிலும் போல் தானாக நிகழ்வது என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றிவிட்டது.

விலை வெளிப்படையாகத் தெரியும் வேளையிலேதான் மனிதனின் உள்ளம் சோதனைக்கு உள்ளாகிறது. ஒரு தாமானில் ஒரு குடும்பத் தலைவர் தம் சமையலறையைப் புதுப்பிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இடித்த சுவரும் பெயர்த்த தரை ஓடும் அன்றாடக் குப்பை லோரியில் போகா. இரு குத்தகையாளர் வந்து விலை சொல்கின்றனர். ஒருவர் கூடுதலாகக் கேட்கிறார். இடிபாட்டை ஏற்ற இரும்புத் தொட்டி வாடகைக்கு எடுக்க வேண்டும், உரிமம் பெற்ற தளத்தில் கட்டணம் செலுத்த வேண்டும் என்று காரணமும் கூறுகிறார். மற்றவர் குறைவாகக் கேட்கிறார். “கல்லு மண்ணையெல்லாம் நாங்களே அள்ளிக்கொண்டு போய்விடுவோம், ஐயா” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். குடும்பத் தலைவர் இரண்டாமவரைத் தேர்ந்தெடுக்கிறார். எங்கே கொண்டு போவீர் என்று அவர் கேட்பதில்லை. சில நாளில், செம்பனைக் காட்டின் செம்மண் பாதையோரம் ஒரு குவியல் முளைக்கிறது. குடும்பத் தலைவர் அதனைக் காணப் போவதில்லை. காண நேர்ந்தாலும் தம் பழைய சமையலறையை அடையாளம் கண்டுகொள்ளப் போவதில்லை.

இங்கே குற்றவாளி யார்? சட்டம் பிடிக்குமானால் லோரி ஓட்டியைப் பிடிக்கும். அவரோ பெரும்பாலும் நாட்கூலி பெறும் எளியவர். குத்தகையாளர் அடுத்த நிலையில் நிற்கிறார். ஆனால், குறைந்த விலைக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதை அறியும் அறிவு குடும்பத் தலைவருக்கு இருந்தது. அவர் அறியாமல் இருந்தார் என்பதைவிட, அறிய விரும்பாமல் இருந்தார் என்பதே பொருந்தும். அறியாமை வேறு, அறிய விரும்பாமை வேறு. முன்னது மன்னிப்புக்குரியது. பின்னதோ, குற்றத்தின் பயனைப் பெற்றுக்கொண்டு குற்றத்தின் பெயரை மட்டும் பிறர்மேல் ஏற்றுவது. இரு விலைக்கும் இடையிலான அப்பணம் அவர் சேமித்த பணமன்று. அவர் செலுத்தாமல் விட்ட கடன். அதனைத் தோட்டத்துக்காரரோ, வரி செலுத்தும் மற்றவரோ, அவ்வழியே பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவனோ செலுத்துவான்.

“வரி கட்டுகிறோமே, அவர்கள் அள்ளட்டும்” என்று வாதிடுவாரும் உளர். வரி, தொட்டியிலிருந்து அள்ளுவதற்காகச் செலுத்தப்படுவது. புதரிலும் ஆற்றங்கரையிலும் கிடப்பதைத் தேடி அள்ளுவது கூடுதற் செலவு. அப்பணம் கால்வாய் செப்பனிடவும் தெருவிளக்கு எரியவும் ஒதுக்கியதிலிருந்தே எடுக்கப்படும். லோரி ஒழுங்காக வருவதில்லை என்னும் குறை உண்மையாயின், அதனை மன்றத்திடம் முறையிட வேண்டும். மன்றத்தின்மேல் கொண்ட சினத்துக்கு அண்டை வீட்டாரின் கால்வாய் விடையாகாது.

ஒரு பையால் என்ன கேடு?

குப்பை கொட்டுவோர் கூறும் மற்றொரு வாதம் வலுவானது. ‘என் ஒரு பையால் ஆறு கெட்டுவிடுமா?’ என்பதே அது. கெடாது என்பதே உண்மையான விடை. ஒரு பையை மட்டும் எடுத்து அளந்தால் கேடு எதுவும் அளவுகோலுக்கு எட்டாது. எனினும், ஆறு கெடுகிறது. யாரும் கெடுக்காமலே ஆறு கெடும் இப்புதிரை எவ்வாறு அவிழ்ப்பது?

ஜெர்மானிய மெய்யறிஞர் இம்மானுவேல் கான்ட் வகுத்த அறநெறி ஈண்டு உதவுகிறது. ஒரு செயலின் பயனை மட்டும் நோக்காமல், அச்செயலின் விதியை எல்லாரும் பின்பற்ற ஒருவர் மனமுவந்து விரும்ப முடியுமா என்று நோக்குமாறு அவர் கூறினார். இரவில் குப்பை கொட்டுபவர், ஊரார் அனைவரும் கொட்ட வேண்டும் என்று விரும்புவதில்லை. தம் வாயிலில் பிறர் கொட்டினால் சீறி எழுவார். ஊர் தூய்மையாக இருக்க வேண்டும். பிறர் அனைவரும் விதியைக் காக்க வேண்டும். தமக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்பதே அவர் வேண்டுவது. எனவே, குற்றம் பையின் எடையில் இல்லை. அவர் தமக்கென்று எடுத்துக்கொண்ட விலக்கில் இருக்கிறது. விலக்கு எப்போதும் முழுமையானது. அது அரைக் கிலோ, கால் கிலோ என்று குறைவதில்லை.

அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் 1968 ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொதுமேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாட்டைக் கூடுதலாக விடுவதால் நிலமே அழியும் நிலையை விளக்கினார். மாசும் அத்தகையதே, அங்கே பொதுவிலிருந்து எடுக்கிறார்கள், இங்கே பொதுவில் போடுகிறார்கள் என்றார். ஆதாயம் ஒருவருக்கு; இழப்போ எல்லாருக்கும் பங்கிடப்படுவதால் ஒருவரும் உணராத அளவு சிறியது.

அச்சிறு இழப்புகள் ஒன்றுசேரும்போது எளியோர் தலையிலேயே விழுகின்றன. கொட்டப்பட்ட டயரிலும் தகரத்திலும் மழைநீர் தேங்குகிறது. அதில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. டெங்கிக் காய்ச்சல் அருகிலுள்ள குடியிருப்பில் பரவுகிறது. கால்வாயை அடைத்த பைகளால் ஒரு மணி நேர மழையே தாழ்ந்த வீடுகளுக்குள் புகுகிறது. தொழிற்கழிவாயின் கேடு பன்மடங்கு. 2019 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். மாணவர் பலர் மூச்சுத் திணறினர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. முறையாக அகற்ற ஆகும் செலவை மிச்சப்படுத்த எண்ணிய ஒருசிலரின் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரல் தீர்த்தது.

இல்லாதவரின் குப்பை

இவ்வளவும் கூறிய பின்னர், மறுபக்கத்தையும் நோக்குதல் நீதியாகும். செலுத்த இயலாதவரின் நிலை என்ன?

மன்றத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட கம்பங்களிலும், அனுமதியின்றி எழுந்த குடிசைகளிலும், தொழிலாளர் நெருங்கி வாழும் கொட்டகைகளிலும் குப்பை லோரி எட்டிப் பார்ப்பதில்லை. மலிவுவிலை அடுக்குமாடியின் மேல்தளத்தில் வாழும் முதியவர், மின்தூக்கி பழுதான நாளில் உடைந்த அலமாரியை எவ்வாறு இறக்குவார்? செய்ய இயலாததைக் கடமை என்று ஒருவர்மேல் சுமத்துதல் அறமாகாது. வழி அமைத்துத் தராமல் வழிதவறியவரைத் தண்டிக்கும் ஆட்சி, தன் கடனைத் தீர்க்காமல் பிறர் கடனைக் கேட்கும் ஆட்சியாகும்.

குப்பையின் அளவுக்கேற்ப விலை வாங்குவதே நேர்மை என்று கருதிய நாடுகள் உண்டு. தென்கொரியா 1995 ஆம் ஆண்டு முதல், விலை கொடுத்து வாங்கும் தனிப் பையில்தான் வீட்டுக் குப்பையைப் போடவேண்டும் என்று நாடு முழுவதும் விதித்தது. தைப்பே நகரம் 2000 ஆம் ஆண்டில் அம்முறையைத் தொடங்கியது. அங்கே குப்பை தரையைத் தொடலாகாது. இசை ஒலித்துக்கொண்டு வரும் லோரிக்கு மக்களே பையை ஏந்திச் சென்று போடுகின்றனர். மிகுதியாக எறிபவர் மிகுதியாகச் செலுத்துவது நேர்மையே. ஆனால், விலை கூடக்கூட இருளில் எறியும் ஆசையும் கூடும். எறிபவருள் கஞ்சரும் இருப்பர், வறியவரும் இருப்பர். விலையை முற்றிலும் மறைத்தால் பொறுப்பு மறைகிறது. முற்றிலும் எளியவர் தலையில் ஏற்றினால் இரக்கம் மறைகிறது. இரண்டுக்கும் இடையே நடப்பதே ஆட்சியின் திறம்.

ஆயினும், ‘இயலாதவர்’ என்னும் போர்வையை இயன்றவர் எடுத்துப் போர்த்திக்கொள்ளலாகாது. புதரோரம் வாகனத்தை நிறுத்திப் பின்கதவைத் திறந்து மெத்தையை உருட்டிவிடுபவரிடம் வாகனம் இருக்கிறது. குப்பைமேடு வரை வந்தவருக்கு முறையான தளம் வரை செல்வது இயலாத செயலன்று, விருப்பமில்லாத செயலே.

அச்சமும் நாணமும்

தவறு செய்யாதவாறு மனிதனைத் தடுப்பன இரண்டு: அச்சமும் நாணமும். அச்சம் சுற்றுமுற்றும் பார்க்கிறது. நாணம் உள்ளே பார்க்கிறது. ‘குப்பை கொட்டாதீர்’ என்று பல மொழிகளில் எழுதிய பலகையின் காலடியிலேயே குப்பை குவிந்து கிடக்கும் காட்சி இந்நாட்டார்க்குப் புதிதன்று. கண்காணிப்புக் கருவி பொருத்தினால் அவ்விடம் தூய்மையாகிறது. குவியல் அடுத்த முடுக்குக்குப் போகிறது. அச்சம் குப்பையின் முகவரியை மாற்றுமேயன்றிக் குப்பையைக் குறைப்பதில்லை.

சிங்கப்பூர் 1992 ஆம் ஆண்டில் ஒரு புது வழியைச் சட்டமாக்கியது. குப்பை எறிந்தவர் பளிச்சிடும் மேலாடை அணிந்து பொதுவிடத்தைக் கூட்டித் தூய்மை செய்ய வேண்டும். மலேசியாவிலும் 2026 ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல், பொதுவிடத்தில் குப்பை எறிவோர்க்கு அபராதத்தோடு 12 மணி நேரம் வரை சமூகப் பணியையும் நீதிமன்றம் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. அச்சத்தோடு நாணத்தையும் சேர்க்கும் முயற்சி இது.

இதில் நுண்ணிய அறச்சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. கூட்டுவது தண்டனையானால், அன்றாடம் கூட்டிப் பிழைப்பவர் எக்குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறார்? மலாயா, சிங்கப்பூர் நகராட்சிகளின் துப்புரவுப் பணியில் ஒரு காலத்தில் தமிழர் பெருந்தொகையினராக உழைத்தனர். ஊர் விழிக்கும் முன் எழுந்து, ஊர் எறிந்ததை அள்ளி, அவ்வூதியத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். இன்று அத்துடைப்பத்தை ஏந்துவோருள் வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர். அவர்கள் கையில் துடைப்பம் தொழிற்கருவி. குற்றவாளி கையில் அதுவே இழிவின் சின்னம் என்றால், சமூகம் தொழிலாளியையும் சேர்த்தே இழிவு செய்கிறது.

ஆகவே, நாணம் எதன்மேல் பிறக்க வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். அள்ளுவதில் நாணம் இல்லை. அள்ள வைத்ததில்தான் நாணம். தண்டனை பெற்றவர், ‘துப்புரவாளர் நிலைக்குத் தாழ்ந்துவிட்டேனே’ என்று வருந்தினால் தண்டனை தோற்றது. ‘என் பொருட்டு இன்னொருவர் முதுகு நாள்தோறும் வளைந்ததே’ என்று வருந்தினால் வென்றது.

இத்தெளிவு நல்லோர்க்கும் தேவைப்படுகிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் எத்தனையோ அன்பர்கள் தண்ணீர்ப் பந்தல் அமைத்து அன்னதானம் செய்கின்றனர். பசித்தவர்க்கு உணவளிப்பது பேரறம், ஐயமில்லை. ஆனால், விழா முடிந்த மறுநாள் காலையில் சாலையெங்கும் கிடக்கும் குவளைகளும் உணவுப் பொட்டலங்களும் யாருடையவை? அளித்தவர் அறத்தைப் பெற்றுக்கொண்டார். உண்டவர் பசி தீர்ந்தார். எச்சிற் பொட்டலம் மட்டும் துப்புரவாளருக்கு விடப்பட்டது. தொட்டியும் அதனைக் கட்டி எடுக்கும் தொண்டரும் இல்லாத பந்தல், அறத்தின் முக்காற் பங்கை மட்டுமே செய்கிறது. வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். உலகத்தோடு ஒத்து வாழும் அவ்வுணர்வு கொடுப்பதோடு முடிவதன்று. கொடுத்ததன் எச்சத்தையும் தன்னுடையது என்று ஏற்பதில் நிறைவு பெறுவது.

வகுப்பறையின் பங்கு

‘குப்பையைக் கண்ட இடத்தில் எறியலாமா?’ என்று நன்னெறிக் கல்விப் பாடத்தில் கேட்டால் எல்லா மாணவரும் சரியான விடையையே எழுதுவர். எழுதிய தாளைக் கசக்கி மேசைக்கடியில் போடுவாரும் அவருள் இருப்பர். விடை தெரியாததால் அவர்கள் அவ்வாறு செய்வதில்லை. வழி தெரியாததால் செய்கின்றனர். தொட்டிக்கு அப்பால் என்ன நிகழ்கிறது என்பது அவர்கட்குக் காட்டப்படுவதில்லை. லோரியின் பின்னால் தொங்கிச் செல்பவர் எத்தனை மணிக்கு எழுகிறார், அவர் கையில் குத்தும் கண்ணாடித் துண்டு எந்த வீட்டுப் பையிலிருந்து வந்தது, மதிப்பீட்டு வரிச் சீட்டில் எழுதப்படாத செலவு எவ்வளவு என்பவற்றை மாணவர் கணக்கிடவும் எழுதவும் பேசவும் வாய்ப்பளிக்கும் ஆசிரியர், நூறு அறிவுரை செய்யாததைச் செய்தவராவார்.

கடையில் ஒரு பொருளை வாங்கும்போது முழு விலையும் கொடுத்தாயிற்று என்று மனிதன் எண்ணுகிறான். அது முதல் தவணையே. அப்பொருள் பயன் தீர்ந்து கழியும் நாளில் கடைசித் தவணை ஒன்று காத்திருக்கிறது. கண்ணாடித் துண்டைத் தாளில் சுற்றிப் போடும் சிறு உழைப்பாகவோ, இரும்புத் தொட்டிக்கான வாடகையாகவோ, வேண்டாத பொருளை வாங்காமல் விடும் அடக்கமாகவோ அது இருக்கலாம். அதனைச் செலுத்துபவரே அப்பொருளுக்கு உண்மையில் உரிமையாளர். செலுத்தாமல் இருளில் இறக்கிவிட்டுப் போகிறவர், ஊராரிடம் கடன் வாங்கிவிட்டுச் சொல்லாமல் போகிறவர்.